விசில் ஊதாத பயிற்சியாளர்

கடற்கரையில் நடந்துகொண்டிருந்த ஆட்டத்துக்குள் ரோசம்மாக்கா நடந்து வந்த வேகத்தைப் பார்த்து, பந்தோடு ஓடி வந்துகொண்டிருந்த இந்திய அணி ஆட்டக்காரர் அப்படியே நின்றுவிட்டார். பந்து மட்டும் நிற்காமல் உருண்டு அக்காவின் காலடிக்குப் போனது. அக்கா குனிந்து அதை எடுத்தாள். தண்ணீர்க் குடத்தை இடுக்குவது போல இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

தூறல் விட்டிருந்த நேரம். மணல் ஈரமாக இருந்தது. கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளங்களிலிருந்து தார் வாடை வந்தது.

"ஏலே கஸ்பாரு! இங்கன வா."

எனக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அதெல்லாம் மீனவர்கள் வாழும் திரேஸ்புரத்தில் செல்லாது. ரோசம்மாக்கா கூப்பிட்டால் போக வேண்டும். போனேன்.

"சண்டை நடக்குது. தெரியுமால ஒனக்கு?"

"தெரியும்க்கா."

"எம்மவன் செபஸ்தியான் எங்க இருக்கான்னு தெரியுமா?"

"நேவியில…"

"எந்தக் கடல்ல, எந்தக் கப்பல்லன்னு கேக்கேன். எனக்கே தெரியல. பெத்தவளுக்கே தெரியல. பிள்ள உசிரோட இருக்கானா இல்லியான்னு நாங்க கண்ண மூடாம கெடக்கோம். இவனுவ காலையிலயும் சாயந்திரமும் ஓன்னு கத்திக்கிட்டு பந்து ஒதைக்கானுவ. ஒருத்தனுக்காவது வெக்கம் இருக்கால?"

சுற்றி நின்ற ஆட்டக்காரர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பயிற்சியாளர் நிர்மல் பாபு மெதுவாக நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

இந்திய அணி எங்கள் ஊருக்கு வந்த கதை

தூத்துக்குடியில் இந்தியக் கால்பந்து அணியா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். என் பேரனே நம்பவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். அடுத்த ஆண்டு வெளிநாட்டில் ஒரு தகுதிப் போட்டி இருந்தது. அதற்கான பயிற்சி முகாம் வடக்கே நடப்பதாக ஏற்பாடு. எல்லையில் பதற்றம் கூடிக்கொண்டே போனதால், நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு மாற்றினார்கள். எங்கள் பள்ளிக்கூட விடுதியில் இடம் இருந்தது. ஊரில் நல்ல மைதானம் இருந்தது. உள்ளூர் ஆள் ஒருவர் உதவிக்கு வேண்டும் என்றார்கள். மெட்ராஸில் சில காலம் லீக் ஆடியவன் என்பதால் தலைமையாசிரியர் என்னை அனுப்பினார்.

நான் நினைத்தது, பந்துகளுக்குக் காற்றடிப்பதும் குடிதண்ணீர் ஏற்பாடு செய்வதும்தான் என் வேலை என்று. நிர்மல் பாபு முதல் நாளே என்னை அருகில் அழைத்தார்.

"நீங்கள் எந்த இடத்தில் ஆடியவர்?"

"சென்டர் ஹாஃப், சார்."

"அப்படியானால் தடுப்பாட்டக்காரர்களை நீங்கள் பாருங்கள். தப்பு செய்தால் திட்டுங்கள். திட்டுவது எனக்கு வராது."

நிஜமாகவே வராது. ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான தேகம், காக்கி அரைக்கால்சட்டை, மூக்குக் கண்ணாடியை ஒரு கறுப்புக் கயிற்றால் பின்னந்தலையில் கட்டியிருப்பார். ஆட்டம் தப்பாகப் போனால் கையைத் தூக்குவார். எல்லோரும் நிற்பார்கள். தப்பு செய்தவனிடம் போய், "இப்போது என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேட்பார். அவன் சொல்லச் சொல்ல, தப்பு அவனுக்கே தெரிந்துவிடும். இத்தனை வருடம் பள்ளிப் பிள்ளைகளைக் கத்திக் கத்தி மேய்த்த எனக்கு அது புதுசு.

ஊருக்கு ஒரே பெருமை. பேக்கரி அண்ணாச்சி ஒருவர் தினமும் டின் நிறைய மக்ரூன் கொடுத்தனுப்பினார். பாபு அதை ஆட்டக்காரர்கள் கண்ணில் காட்டவே இல்லை. என் மனைவி செலினிடம் கொடுத்து, வீட்டுப் பிள்ளைகளுக்கு என்றுவிட்டார். கொஞ்சம் அவரே தின்றார் என்பது எனக்கும் செலினுக்கும் மட்டும் தெரியும்.

ஸ்ரீவைகுண்டத்து மீன்

மீன் விஷயத்தில் அவருக்கும் எங்கள் ஊருக்கும் ஒத்துவரவில்லை. வங்காளத்துக்காரர், மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஆனால் அது ஆற்று மீனாக இருக்க வேண்டும். செலின் சீலா மீனைக் குழம்பு வைத்து, வறுத்து, புட்டு செய்து எல்லாம் பார்த்தாள். மரியாதைக்குச் சாப்பிட்டார்.

"கடல் பட்டணத்துக்கு வந்து ஆத்து மீன் கேக்காரு ஒங்க சாரு," என்றாள் செலின். "ஒரு ஞாயித்துக்கெழம ஸ்ரீவைகுண்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆசப்படுதவரு தின்னுட்டுப் போட்டும்."

பூசை முடிந்ததும் பஸ்ஸில் போனோம். தாமிரபரணியில் தண்ணீர் கலங்கி நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. இரு கரையும் நாற்றுப் பச்சை. மீன் வாங்குவதை அவர் மறந்தே போனார். செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றவர், வெகுநேரம் ஏறவில்லை.

"எங்கள் ஊர் ஆறு இதைவிட அகலம்," என்றார். "எதிர்க்கரை தெரியாது. மழைக்காலத்தில் வீட்டுப் படிக்கட்டு வரை வரும். படிக்கட்டிலேயே உட்கார்ந்து மீன் பிடிப்போம்."

"கல்கத்தாவிலா சார்?"

"இல்லை. அதற்கும் கிழக்கே."

அதற்கு மேல் சொல்லவில்லை. கிழக்கே என்றால் என்ன என்று எனக்கு உறைக்கவும் இல்லை. மீனை வாழையிலையில் சுற்றி வாங்கிக்கொண்டு திரும்பினோம். அன்று செலின் வைத்த குழம்பை அவர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒவ்வொன்றாகப் போனது

டிசம்பர் தொடங்கியதும் போர் வந்துவிட்டது. முகாமிலிருந்து ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கியது.

முதலில் ஆட்கள். அணியில் ராணுவத்துக்காரர்கள் சிலர் இருந்தார்கள். உடனே திரும்பச் சொல்லி உத்தரவு. கோல்கீப்பர் குர்மீத் பஞ்சாபி, ஹவில்தார். ரயில் ஏறும்போது பாபுவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "என் இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் தாதா" என்றார். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். பாபு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். ரயில் நகர்ந்த பிறகும் அந்தக் கை பிடித்த நிலையிலேயே இருந்தது.

அடுத்து மைதானம். ஊர்க்காவல் படையின் அணிவகுப்புக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனோம்.

பிறகு விசில். ஊரில் இருட்டடிப்பு. சன்னல்களில் பழுப்புத்தாள், லாரி விளக்குகளில் பாதிக்குக் கறுப்புப் பூச்சு. விசில் சத்தம் கேட்டால் ஆபத்து என்று ஜனங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பாபு கடற்கரையில் விசில் ஊதிய முதல் நாள், ஒரு தெருவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. இன்ஸ்பெக்டர் வந்து, பணிவாகத்தான், இனிமேல் ஊதக்கூடாது என்றார். பாபு விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

கடைசியாகக் கால்பந்துச் சங்கத்திடமிருந்து ஒரு டிரங்க் கால், வெளியூர் போன், வந்தது. துறைமுக அலுவலகத்துக்கு ஓடினோம். முகாமைக் கலைத்துவிடுங்கள், அமைதி திரும்பியதும் புதிதாகத் தேர்வு வைத்துக்கொள்ளலாம் என்றது மறுமுனை.

"கலைத்தால் இவர்கள் எப்படி ஊர் போவார்கள்?" என்று பாபு கேட்டார். "ரயில் எல்லாம் ராணுவத்துக்குப் போகிறது. எப்படியும் இங்கேதான் இருக்கப் போகிறார்கள். இருக்கிற வரை ஆடட்டும். போனவர்கள் திரும்பி வரும்போது, வந்து சேர ஓர் அணி இருக்க வேண்டும் அல்லவா?"

மறுமுனை நெடுநேரம் பேசியது. பாபு "என் பொறுப்பு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்துத்தான் ரோசம்மாக்கா வந்து பந்தை எடுத்துக்கொண்டது.

அவர் சொன்ன பதில்

கண்ணாடியை மாட்டிக்கொண்டவர் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். நான் தமிழில் சொன்னேன்.

"அம்மா, நீங்கள் கேட்பது சரி. நாங்கள் செய்வது சரியா என்று எனக்கும் தெரியவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் யோசிக்கிறேன். எங்கள் ஆட்களில் சிலரும் சண்டைக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை மற்றவர்கள் சிதறிவிடக்கூடாது என்பதற்காகத்தான் ஆடவைக்கிறேன். ஆனால் நீங்கள் வேண்டாம் என்றால் இன்றோடு நிறுத்திவிடுகிறேன்."

நான் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. டிரங்க் காலுக்கு மசியாதவர், முடிவை ஒரு மீன்காரம்மாள் கையில் கொடுத்துவிட்டாரே! அக்கா வேண்டாம் என்றால் அன்றோடு தீர்ந்தது. அவர் சொன்ன சொல் மாறமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் செபஸ்தியான் வயது முகங்கள். ஒருவன் முழங்காலில் மணலும் ரத்தமும் அப்பியிருந்தது.

"இவனுக்குப் புண்ணக் கழுவக்கூட ஆளில்லியா?" என்றாள் என்னிடம். பிறகு பந்தைக் கீழே போட்டாள். "வெளையாடச் சொல்லு. ஆனா கத்தக்கூடாது. ஒரு சத்தம் எங்க தெருவுக்குக் கேக்கக்கூடாது. கேட்டுச்சு, பந்த அருவாமனையில வச்சுருவேன்னு சொல்லு."

அதையும் மொழிபெயர்த்தேன். பாபு கை கூப்பினார்.

சத்தமில்லாத ஆட்டம்

கால்பந்து ஆடியவர்களுக்குத் தெரியும். மைதானத்தில் பாதி ஆட்டம் வாயில்தான் இருக்கிறது. "எனக்கு", "விடு", "பின்னால ஆள்" என்று கத்திக்கொண்டேதான் ஆடுவோம். அதை அடைத்துவிட்டால்?

முதல் நாள் கூத்தாக இருந்தது. இரண்டு பேர் ஒரே பந்துக்குத் தாவி மண்டையை முட்டிக்கொண்டார்கள். வலியில்கூடக் கத்தாமல், வாயைப் பொத்திக்கொண்டு உருண்டார்கள். பாபு வெள்ளைக் கைக்குட்டையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். எல்லோரையும் மணலில் உட்காரவைத்தார்.

"இதுவரை காதால் ஆடினீர்கள்," என்றார் தாழ்ந்த குரலில். "இனிமேல் கண்ணால் ஆடுவோம். பந்து உங்களிடம் வருவதற்கு முன்பே, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்."

பதினொரு பேரைச் சேர்த்து எதிரணி வேண்டுமே? அதற்கும் வழி கிடைத்தது. இருட்டியபின் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை இருந்ததால், மீன்பிடிக்கிறவர்கள் பாதிப் பேர் கரையில் சும்மா இருந்தார்கள். திரேஸ்புரத்திலிருந்தும் தருவைகுளத்திலிருந்தும் வெறுங்காலோடு வந்து எதிரே நின்றார்கள். மணலில் அவர்கள் ஓட்டமே தனி. தோற்றுத்தான் போனார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் இந்திய அணியில் இரண்டு பேரையாவது நொண்ட வைத்துத்தான் தோற்றார்கள்.

சில நாளில் ஒன்று நடந்தது. ஹைதராபாத் ஆட்டக்காரர் ஒருவர் பந்தை வாங்கினார். திரும்பிப் பார்க்கவே இல்லை. குதிகாலால் பின்னால் தள்ளினார். அந்த இடத்துக்குச் சரியாகக் கேரளத்து ஆள் வந்து சேர்ந்தார். அவர் தொட்ட பந்து கோவாக்காரர் காலுக்குப் போனது. மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. கோல் விழுந்தபோது யாரும் கத்தவில்லை. கடல் சத்தம் மட்டும் கேட்டது.

பாபுவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் நடக்காதது போல அடுத்த பந்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

கப்பல்

ஒருநாள் காலை ரேடியோவில் சொன்னார்கள், நம்முடைய போர்க்கப்பல் ஒன்று மூழ்கிவிட்டது என்று.

பாபு அன்று பயிற்சி வேண்டாம் என்றார். என்னை அழைத்துக்கொண்டு ரோசம்மாக்கா வீட்டுக்கு நடந்தார். வீடு திறந்து கிடந்தது. அக்கா மாதா கோயிலில் இருந்தாள்.

கோயிலுக்குள் கால் வைக்க இடமில்லை. செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. சற்றுநேரத்தில் பின்னால் அசைவு கேட்டுத் திரும்பினேன். இந்திய அணி வந்து நின்றது. யாரும் வரச் சொல்லவில்லை. இந்து, முஸ்லிம், ஒரு சீக்கியர். அவர் தலைப்பாகையோடு உள்ளே வரலாமா என்று கண்ணால் கேட்டார். கோயில் உபதேசியார் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டார்.

அக்காவை யாராலும் தேற்ற முடியவில்லை. இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லை. பாபு காலையும் மாலையும் துறைமுக அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்த கடற்படை அதிகாரியிடம் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் அந்த அதிகாரி பம்பாயிலிருந்து பதில் வாங்கிக் கொடுத்தார். செபஸ்தியான் இருப்பது வேறு கப்பல், நலமாக இருக்கிறான்.

பாபு ஓடினார். ஐம்பது வயது மனிதர், மணலில், செருப்பு கழன்று விழ விழ ஓடினார். நான் பின்னால் ஓடியும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அக்கா வீட்டு வாசலில் நின்று, மூச்சு வாங்க, தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் சேர்த்துச் சொன்னார்:

"செபஸ்தியான்… நல்லா… இருக்கு!"

அக்கா அழுதுகொண்டே அவரைத் திருத்தினாள். "இருக்குன்னு சொல்லாதீய ஐயா. இருக்கான். எம்பிள்ள இருக்கான்."

போனதும் வந்ததும்

சண்டை ஓய்ந்த அன்று ஊரே தெருவில் நின்றது. சங்கு ஊதினார்கள், வெடி போட்டார்கள். ரோசம்மாக்கா கடற்கரைக்கு வந்து, "இப்பம் கத்துங்கலே! தொண்ட கிழியக் கத்துங்க!" என்றாள். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் வாய் தானாக மூடிக்கொண்டது. பழகிவிட்டது.

அன்று மாலைதான் பாபு என்னிடம் சொன்னார். அவருடைய அம்மா அந்த ஆற்றங்கரை ஊரில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இருந்தார். சண்டை நடந்தது அந்த மண்ணில்தான். வசந்தகாலத்திலிருந்தே ஒரு தகவலும் இல்லை.

நான் திகைத்துப்போனேன். "சார், இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லலியே!"

"சொன்னால் பையன்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பந்தைப் பார்க்க மாட்டார்கள்."

"உடனே கிளம்புங்க. நாங்க இருக்கோம்."

கிறிஸ்துமஸ் முடிந்ததும் கிளம்பினார். இந்திய அணிக்கு நான் பயிற்சியாளர்! வாசகர்கள் சிரிக்கலாம். செலின் நிஜமாகவே சிரித்தாள். நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. அவர் செய்ததைச் செய்தேன், கைக்குட்டை உட்பட. குர்மீத் போர்முனையிலிருந்து திரும்பி வந்தார், இளைத்துப்போய். ஒருநாள் முழுக்கத் தூங்கினார். மறுநாள் கோல் கம்பங்களுக்கு நடுவில் வந்து நின்றார். அந்த இடத்தை அவருக்காகத்தான் வைத்திருந்தோம்.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம், பயிற்சி முடிந்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, வள்ளங்களுக்குப் பின்னாலிருந்து பாபு வெளியே வந்தார். தாடி வளர்ந்திருந்தது. மத்தியான ரயிலிலேயே வந்துவிட்டாராம். மறைந்து நின்று முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார்.

"அம்மா?" என்றேன்.

"வீடு எரிந்துவிட்டது. அம்மா எல்லை தாண்டிப் போனதாக ஒருவர் சொன்னார். அகதி முகாம்களில் ஒவ்வொன்றாகத் தேடினேன். இன்னும் நிறைய முகாம்கள் இருக்கின்றன." வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "இவர்களுக்கு நான் வேண்டும் என்றுதான் திரும்பி வந்தேன், கஸ்பார். இப்போது பார்த்தேன். வேண்டியதில்லை. அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்."

"சார், போட்டிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்…"

"அம்மாவுக்கு எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாதே."

ஆட்டக்காரர்களை உட்காரவைத்துச் சொன்னார். யாரும் தடுக்கவில்லை. குர்மீத்தான் எழுந்து, அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு முன்னால் நடந்தார்.

அணி வேறொரு பயிற்சியாளரோடு போனது. நன்றாகவே ஆடியது. கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு கோலில் வாய்ப்பு நழுவியது. அவர் இருந்திருந்தால் என்று பலரும் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அதன்பிறகு தேசிய அணி அவரிடம் திரும்ப வரவில்லை.

கல்கத்தாவில் ஒரு மத்தியானம்

சில வருடம் கழித்து, பள்ளி விளையாட்டுப் போட்டி ஒன்றுக்காகக் கல்கத்தா போனேன். டிராம் பாதையை ஒட்டிய சந்தில் பாபுவின் மாடி வீடு. கதவைத் திறந்தவர் வெள்ளைப் புடவை கட்டிய, குருவி போன்ற ஒரு வயதான அம்மாள்.

பாபுவின் அம்மா. எங்களைப் பிரிந்து போன அந்தக் கோடை தொடங்கும்போது, ஏதோ ஒரு முகாமின் மருத்துவக் கூடாரத்தில் பாபு அவரைக் கண்டுபிடித்தாராம். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. பாபு தூக்கிக்கொண்டே வந்தாராம். இப்போது கைத்தடியோடு நடக்கிறார். சமையலும் அவரேதான். மகனைச் சமையல்கட்டுக்குள் விடுவதில்லை.

பாபு ஒரு சின்ன கிளப்பில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். காக்கி அரைக்கால்சட்டை அதே மாதிரி. முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மீன் பரிமாறிக்கொண்டே அம்மாள் வங்காளத்தில் என்னிடம் ஏதோ கேட்டார். பாபு சங்கடத்தோடு நெளிந்தார்.

"என்ன கேக்காங்க?" என்றேன்.

"இவன் ஆட்டம் சொல்லிக்கொடுப்பதை நான் பார்த்ததே இல்லை, நன்றாகச் சொல்லிக்கொடுப்பானா என்று கேட்கிறார்."

நான் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மைதானம் போனது, ஆட்கள் போனது, கைக்குட்டை, குதிகாலால் பின்னுக்கு வந்த பந்து, மணலில் அவர் ஓடிய ஓட்டம். இந்த நாட்டில் இவரைப் போல ஒரு பயிற்சியாளரை நான் பார்த்ததில்லை என்றேன். குழம்பு ஆறிப்போனது.

பாபு அம்மாவின் பக்கம் திரும்பி இரண்டே சொல் சொன்னார்.

"என்ன சார் சொன்னீங்க?"

"'பரவாயில்லையாம்' என்று சொன்னேன்."

அம்மாள் மகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாது. மெல்ல எழுந்து, சட்டியில் மீதி இருந்த பெரிய மீன்தலையை எடுத்து மகன் தட்டில் வைத்தார். ஐம்பது தாண்டிய அந்த மனிதரின் தலையை, சாப்பிட்டு முடிக்கிறவரை தடவிக்கொண்டே நின்றார்.